நட்சத்திரம், குடில், கேக்: எது விசுவாசம், எது வழக்கம்?

டிசம்பர் முதல் வாரம் வந்தால் பெங்களூரில் பீன்யா செகண்ட் ஸ்டேஜின் பின்தெருக்களில், லக்கெரேயில், தாசரஹள்ளியில் மாடிக்கு ஒன்றாகக் காகித நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். கீழ்வீட்டில் ஸ்டார் போட்டவர் உங்களோடு ஒரே ஷெட்டில் லேத் ஓட்டுகிறவராக இருக்கலாம். “பண்டிகைக்கு வீட்டுக்கு வாங்க, ராத்திரி பூசைக்கும் வாங்க” என்று கூப்பிடுவார். போகலாமா? அங்கே என்ன செய்வார்கள்? கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளலாமா? கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு வேறொரு சந்தேகம். மரம், கிறிஸ்துமஸ் தாத்தா, கேக் இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு சந்தேகத்துக்கும் பதில் ஒன்றுதான். கிறிஸ்துமஸ் பண்டிகையில் விசுவாசத்துக்கு (மத நம்பிக்கைக்கு) வேண்டியது மிகக் கொஞ்சம். மற்றவை பல நாடுகளில், பல நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்த வழக்கங்கள். எது எதில் சேரும் என்று தெரிந்துகொண்டால், எங்கே தாராளமாகக் கலந்துகொள்ளலாம், எங்கே கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

அந்தக் கொஞ்சம் எது? கடவுள் மனிதனாகப் பிறந்தார், அவரே இயேசு என்ற நம்பிக்கை. கிறிஸ்தவர்கள் இதை மனித அவதாரம் என்றும் மனுவுருவாதல் என்றும் சொல்வார்கள். பண்டிகையன்று கோயிலில் (சர்ச்சில்) நடப்பதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

பிறப்புக் கதை பைபிளில் விரிவாக இருக்குமே என்று நினைப்பீர்கள். இல்லை. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள் நான்கு. அவற்றுக்கு நற்செய்திகள் என்று பெயர். மத்தேயு, லூக்கா இரண்டில் மட்டுமே பிறப்புக் கதை வருகிறது. மாற்கு, இயேசு பெரியவராகி வெளியே வருவதிலிருந்துதான் தொடங்குகிறது. யோவானில் மாட்டுத் தொழுவமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு ஆதிப் பண்டிகை கிறிஸ்துமஸ் இல்லை. இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர்தான் பழையது. விசுவாசத்தில் அதுதான் பெரியது. வாண வேடிக்கையும் புதுத்துணியும் டிசம்பருக்கு வந்து சேர்ந்ததால் நமக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

சரி, டிசம்பர் 25 அவர் பிறந்த நாள்தானே? பைபிளில் தேதி கிடையாது. மாதமும் கிடையாது. இந்த நாளைக் குறிப்பிடும் பழைய சான்று ரோம் நகரில் 354-ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு காலக்குறிப்பு நூல். அதிலுள்ள தகவல் 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் அறிஞர்கள். இயேசு பிறந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆனபிறகு!

ஏன் அந்த நாள் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ரோமர்கள் டிசம்பர் 25-ல் சூரியனுக்கு விழா எடுத்தார்கள், கிறிஸ்தவர்கள் அந்த நாளைத் தங்களுடையதாக மாற்றிக்கொண்டார்கள் என்பது ஒன்று. இயேசுவின் தாய் மரியாள் கருவுற்ற நாள் மார்ச் 25 என்று முதலில் கணக்கிட்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது மற்றொன்று. அறிஞர்கள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை.

எல்லாக் கிறிஸ்தவர்களும் அன்றுதான் கொண்டாடுகிறார்கள் என்றும் இல்லை. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைக்கு ஜனவரி 7. ஆர்மேனியத் திருச்சபைக்கு ஜனவரி 6. சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மேனியக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சபையார்தான். ஆகவே “அவர் அன்றைக்குப் பிறக்கவே இல்லையாமே” என்று யாராவது வாட்ஸ்அப்பில் கிளப்பினால் நீங்கள் சங்கடப்பட வேண்டாம். அது நிரூபிக்கப்பட்ட பிறந்த தேதி என்று சபைகளும் வாதாடுவதில்லை. பிறப்பை நினைக்க ஒரு நாள் வேண்டும், அந்த நாள் இது. அவ்வளவுதான்.

வாசலில் தொங்கும் நட்சத்திரம்? இதற்கு வேதத்தில் வேர் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகளுக்கு ஒரு நட்சத்திரம் வழிகாட்டியதாக மத்தேயு எழுதுகிறார். ஆனால் அதை விளக்காகச் செய்து தொங்கவிடும் வழக்கம் மிகப் பிந்தியது. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில், மொராவியன் சபையின் பள்ளியில் 1830-களில் கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகள் செய்த பல முனை நட்சத்திரம் ஐரோப்பாவில் பேர்போனது. நம் ஊரில் ஐந்து முனை. பேப்பருக்குள் ஒரு பல்பு, ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே போகும். இந்து வீட்டிலும் ஸ்டார் தொங்கவிடுவதைப் பார்க்கிறோம். அதில் எந்தத் தவறும் இல்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை.

எப்போது கழற்றுவது என்று கேட்கிறவர்களும் உண்டு. ஞானிகள் வந்து குழந்தையை வணங்கியதை நினைக்கும் திருக்காட்சிப் பெருவிழா மரபுப்படி ஜனவரி 6-ல் வரும். அதுவரை விட்டுவைப்பது பழைய முறை. ஒரு வீட்டில் மட்டும் ஸ்டார் இல்லையென்றால் உடனே காரணம் கேட்டுவிடாதீர்கள். அந்த வருஷம் துக்கம் நடந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் போடாத வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் உண்டு.

குடிலுக்கு வருவோம். கத்தோலிக்க வீடுகளில் ஹாலின் ஒரு மூலையில் வைக்கோல், சாக்கைச் சுருட்டிச் செய்த மலை, வண்ணப் பொடி தூவிய பாதை, மரியாள், அவர் கணவர் சூசையப்பர், ஆடு மாடு பொம்மைகள் எல்லாம் இருக்கும். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் போட்டு, தீவனத் தொட்டியை வைத்து இயேசு பிறந்த இரவை மக்களுக்குக் கண்ணெதிரே காட்டினார். எழுத்தறியாத மக்களுக்கு அது படக்கதை. இப்போது வீடுதோறும் வைக்கும் குடில் அதன் வழி வந்ததுதான்.

நமக்குத் தெரிந்த கொலுவைப் போலத்தான்: பொம்மைகளை வைத்துக் கதையைச் சொல்வது. ஆகவே பக்கத்து வீட்டுக் குடிலைப் பார்க்கப் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பொம்மைகளை எடுத்து விளையாட மட்டும் விடாதீர்கள். குடிலைப் போட இரவெல்லாம் உட்கார்ந்தவருக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

டிசம்பர் 20-ம் தேதி போய்ப் பார்த்தால் குடிலின் நடுவே தொட்டி காலியாக இருக்கும். பொம்மை தொலைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 24-ம் தேதி நள்ளிரவில்தான் குழந்தை இயேசுவின் சுரூபத்தை (சிலையை) கொண்டுவந்து அதில் வைப்பார்கள். அதுவரை நடப்பது திருவருகைக் காலம் (பிறப்புக்குமுன் நான்கு ஞாயிறுகள் அடங்கிய காத்திருப்புக் காலம்). கோயிலில் அந்த நாட்களில் சாமியார் (குருவானவர்) ஊதா நிற உடை போட்டிருப்பார். பண்டிகையன்று அது வெள்ளையாக மாறும்.

குடிலில் உள்ளதெல்லாம் வேதத்தில் உண்டா? தொட்டி உண்டு, இடையர் உண்டு, வானதூதர் உண்டு. மாடும் கழுதையும் பிறப்புக் கதையில் இல்லை. ஞானிகள் மூன்று பேர் என்று எங்கும் எழுதவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் (வாசனைப் பிசின்) என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆகிவிட்டார்கள். அவர்கள் தொழுவத்துக்கு வரவில்லை, ஒரு வீட்டுக்கு வந்தார்கள் என்றுதான் மத்தேயு சொல்கிறார். கிறிஸ்தவப் பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தயங்க வேண்டாம். குடிலின் அழகு இதனால் குறைந்துவிடாது.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளின் வீடுகளில் குடில் குறைவு, மரம் அதிகம். சிலை வைத்து வணங்குவதில் அவர்களுக்குத் தயக்கம் உண்டு. அதனால் ஒரு கிறிஸ்தவர் வீட்டில் பார்த்ததை இன்னொருவர் வீட்டில் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த மரமும் தாத்தாவும் வேதத்துக்கு மிகத் தொலைவு. அலங்கார மரம் ஜெர்மானிய வழக்கம். விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகையில் வந்தபிறகு ஆங்கிலேயரிடம் பரவி, அவர்களோடு இங்கே வந்தது. தாத்தாவின் மூலம் நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மிரா நகரத்தில் ஆயராக இருந்த நிக்கொலாஸ். அவருடைய திருநாள் டிசம்பர் 6. சிவப்புச் சட்டை கோகோ கோலா கம்பெனி போட்டுவிட்டது என்ற கதை பாதிதான் உண்மை. அவர்களுடைய பேர்போன தாத்தா விளம்பரப் படங்கள் 1931-ல் வந்தவை. அதற்கு முன்பே அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட் அவரைச் சிவப்பில் வரைந்துவிட்டார். கம்பெனி பார்ட்டியில் தாத்தா வேஷம் போடச் சொன்னால் நீங்கள் எந்த மதமானாலும் போடலாம். அது பூசை இல்லை, வேஷம்தான்.

கேக் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பிளம் கேக் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. விசுவாசத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது பிரசாதம் இல்லை. எந்தப் படையலிலும் வைத்து எடுத்ததும் இல்லை. ‘சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டேன்’ என்ற கட்டுப்பாடு உள்ளவர்களும் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் ரம்மிலோ பிராந்தியிலோ வாரக்கணக்கில் ஊறவைப்பது பழைய முறை. முட்டையும் இருக்கும். உங்களுக்கு ஆகாது என்றால் நேராகக் கேட்டுவிடுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆரஞ்சு ஜூஸில் ஊறவைத்துச் செய்கிற வீடுகளும் நிறைய. நீங்களே ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவதானால், பெங்களூரின் ஐயங்கார் பேக்கரிகளில் முட்டை சேர்க்காத கேக் கேட்டு வாங்கலாம்.

என்னைக் கேட்டால் கேக்கைவிட வீட்டுப் பலகாரம்தான் விசேஷம். குமரி மாவட்டத்துக்காரர் வீட்டில் முந்திரிக்கொத்து, நெல்லைக்காரர் வீட்டில் அதிரசமும் முறுக்கும், மங்களூர்க்காரர் வீட்டில் குஸ்வார் என்று ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கும் கல்கலும். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் இட்லியும் கறிக்குழம்பும். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இட்லிக்குச் சாம்பார் வைத்துவிடுவார்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. கோயிலுக்குப் போகலாமா? போகலாம். கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கும். கத்தோலிக்கரிடம் 24-ம் தேதி நள்ளிரவுத் திருப்பலி (பூசை) பெரிது. சி.எஸ்.ஐ. சபைகளில் 25-ம் தேதி விடியுமுன் நடக்கும் ஆராதனைக்குக் கூட்டம் சேரும். நள்ளிரவுத் திருப்பலியில் ஒரு கட்டத்தில் கோயில் மணியும் பீடத்து மணிகளும் சேர்ந்து அடிக்கும். திருவருகைக் காலம் முழுதும் ஞாயிறுகளில் பாடாமல் வைத்திருந்த வானவர் கீதத்தை அப்போது பாடுவார்கள். புதிதாகப் போகிறவருக்கும் அந்த நிமிஷம் பிடித்துவிடும்.

மொழியைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. நிறுவனம் 1953-லும் பி.இ.எல். நிறுவனம் 1954-லும் வந்தன; பிறகு 1970-களில் பீன்யா தொழிற்பேட்டை. இந்தப் பக்கத்தில் எல்லா மாநிலத்தாரும் குடியேறியிருக்கிறார்கள். அதனால் பெங்களூரின் பல கோயில்களில் கன்னடம், தமிழ், ஆங்கிலம், கொங்கணி, மலையாளம் என்று தனித்தனி நேரத்தில் வழிபாடு நடக்கும். நேரம் மாறிப் போனால் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தமிழில்தான் வேண்டும், பெரிய கோயிலாகவும் இருக்க வேண்டும் என்றால் சிவாஜிநகர் மரியாள் பசிலிக்காவைச் சொல்லலாம். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் சிற்றாலயம் என்று அதன் வரலாறு தொடங்குகிறது. இப்போதுள்ள கட்டடம் 1882-ல் அர்ச்சிக்கப்பட்டது, 1974-ல் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் கிடைத்தது. பீன்யாவிலிருந்து பசுமை வழி மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கே ஊதா வழிக்கு மாறி கப்பன் பார்க், பிறகு ஆட்டோ. ஆனால் நள்ளிரவுப் பூசை முடிந்து வெளியே வரும்போது மெட்ரோ இருக்காது. டூவீலர் உள்ளவரோடு போங்கள், அல்லது 25-ம் தேதி காலைப் பூசைக்குப் போங்கள்.

உள்ளே போனதும் என்ன செய்வது? வாசலில் செருப்புக் குவிந்திருந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுந்திருங்கள். முழங்காலிட்டால் நீங்கள் உட்கார்ந்தபடி இருக்கலாம். சிலுவை அடையாளம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. காணிக்கைப் பை வரும். போட்டாலும் போடாவிட்டாலும் சரி. ஒரு கட்டத்தில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவார்கள். சமாதான வாழ்த்து அது. நீங்களும் கைகூப்புங்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் நீங்கள் விலகி இருக்க வேண்டும். பூசையின் பின்பகுதியில் எல்லாரும் வரிசையில் போய்ச் சின்ன வட்ட அப்பம் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். கத்தோலிக்கர் இதை நற்கருணை என்பார்கள், சி.எஸ்.ஐ.யில் திருவிருந்து. கேக் மாதிரி எல்லாருக்கும் கொடுக்கும் பண்டம் இல்லை இது. அந்த அப்பம் கிறிஸ்துவின் உடல் என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். கத்தோலிக்கரிலும் புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்கும் சடங்கு) வாங்கியவர்களுக்கு மட்டுமே அது. அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கே கிடையாது. சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் (வயதுவந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள் வாங்குவார்கள். நீங்கள் இருக்கையிலேயே இருங்கள், வரிசைக்கு வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டால் போதும். பிரசாதம் என்று நினைத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்துவிடாதீர்கள், அவர்கள் மனம் உண்மையாகவே புண்படும்.

இனி கேரல் ரவுண்ட்ஸ். டிசம்பரில் ஒரு வேனில் ஆர்மோனியம், டோலக், தாத்தா வேஷத்தோடு பாட்டுக்குழு வரும். ஆங்கில மெட்டில் தமிழ் வார்த்தை போட்ட பாமாலையும் பாடுவார்கள், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியில் வந்த கீர்த்தனையும் பாடுவார்கள். பெரும்பாலும் சபையார் வீட்டுக்குத்தான் வருவார்கள். உங்கள் வீட்டு வாசலில் பாடினால் கேளுங்கள், தண்ணீரோ டீயோ கொடுங்கள். ஜெபம் செய்யட்டுமா என்று கேட்டால் சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ஒலிபெருக்கிக்கு மட்டும் சட்டம் உண்டு: இரவு 10 மணி முதல் காலை 6 வரை கூடாது. பண்டிகைக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். பட்டாசுக்கும் கணக்கு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னபடி கிறிஸ்துமஸ் இரவில் 11.55 முதல் 12.30 வரை, அதுவும் பசுமைப் பட்டாசு. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் நிறைந்த ஏரியா இது என்பதைப் பாட்டுக்குழுவினரும் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

வாழ்த்துச் சொல்ல “கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்” போதும். கன்னடக் கிறிஸ்தவரிடம் “கிறிஸ்மஸ் ஹப்பத ஷுபாஷயகளு” என்று சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.

ஆனால் எல்லாக் கிறிஸ்தவரிடமும் இதைச் சொல்ல முடியாது. யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளிலும் கொண்டாடாதவர்கள் உண்டு. தேதி வேதத்தில் இல்லை, மரமும் விளக்கும் வேற்று மத வழக்கம் என்பது அவர்கள் வாதம். இது புதிது இல்லை. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647-ல் கிறிஸ்துமஸையே தடை செய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். தடை போட்டவர்கள் தீவிரக் கிறிஸ்தவர்கள்தான்! ஆகவே பைபிளோடு ஞாயிறுதோறும் சபைக்குப் போகிற ஒருவர் வீட்டில் ஸ்டார் இல்லையென்றால் அவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

கடைசியாக லீவு. டிசம்பர் 25-ல் அரசு அலுவலகம், வங்கி மூடியிருக்கும். உங்கள் தொழிற்சாலையும் மூடும் என்று எண்ணி ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். கர்நாடகத் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம் 1963-ன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஐந்தும் கட்டாயம். அத்துடன் ஐந்து பண்டிகை நாட்கள் விட வேண்டும். எந்த ஐந்து என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிறிஸ்துமஸ் அந்தப் பட்டியலில் இருந்தால் சம்பளத்தோடு லீவு. அன்று வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளமோ, சம்பளமும் மாற்று விடுமுறையுமோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பட்டியலில் இல்லையென்றால் சொந்த லீவில்தான் போக வேண்டும். பட்டியல் கேட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும். நவம்பரிலேயே போய்ப் பாருங்கள். கிறிஸ்தவத் தோழர் லீவு கேட்கும் நாளில் அவருடைய ஷிப்டை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமானால் அதையும் அப்போதே சூப்பர்வைசரிடம் சொல்லி எழுதிவைத்துவிடுங்கள்.